நூற்றெட்டு

வழக்கமாக மருந்துச் சீட்டில்
'இரண்டு நாள் முன்பே நிறுத்தவும்' என்றிருக்கும்.
அஞ்சாப்புலி கொண்டுவந்ததில்
'மாத்திரையை நிறுத்தாமல்'.
அடியில் இரண்டு கோடு.

முதுநகர் ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம்.
நெஞ்சு முடியை வழித்து
பத்துப் பொத்தான்களை ஒட்டினேன்.
"போன தடவ மாதிரி
பாதியில எறக்கிடாத ரெஜினாம்மா."

போன தடவை,
ஆறு வாரம் முந்தி,
இதே மஞ்சக்குப்பம், இதே அறை, இதே ஓடுபட்டை.
நாலு நிமிடம் பத்து நொடி.
நூற்று முப்பத்தொன்பதில் அவர் தாடையைப் பிடித்தார்.
தாளில் கோடு
ஈரச் சுவர் போல உள்வாங்கியது.
நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

இன்று பட்டை நகர்கிறது.
முதல் மூன்று நிமிடம், எண்பத்திரண்டு.
சரிவைக் கூட்டுகிறேன். தொண்ணூற்றாறு.
"வலி?"
"இல்ல."
"மூச்சு?"
"அதுபாட்டுக்கு."
மீண்டும் கூட்டுகிறேன்.
வேர்வை புருவத்தில் நிற்கிறது.
திரையில் எண் மட்டும்
ஆபீஸ் நேரத்து குமாஸ்தா மாதிரி
எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஏழு நிமிடம் ஐம்பது நொடியில்
கெண்டைக்கால் இழுக்குது என்று நிறுத்தச் சொன்னார்.
கால்தான். நெஞ்சு இல்லை.
கோடு சரியவில்லை.

"எவ்ளோ போச்சு?"
"நூத்தியெட்டு."
"அது வண்டிய கூப்புடுற நம்பராச்சே"
என்று சிரித்தவர்
சிரிப்பை முடிக்காமல் விட்டார்.

"ஒரு சந்தேகம்மா.
இந்தப் புயலுக்கு எம் புள்ள போன போட்டு
ரெண்டு நாளு கரைக்கு வரல.
அவ அம்மா மார்ல அடிச்சிக்கிறா,
தொறையே கத்துது.
எனக்கு மனசு பதறுது, நெஞ்சு பதறல.
தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்,
செவுத்துக் கடியாரம் மாதிரி அடிக்குது.
பெத்தவனுக்குப் பாசம் இல்லியோன்னு
எனக்கே ஆயிடுச்சி."

போட் வந்துவிட்டதா என்று கேட்டேன்.
மூன்றாம் நாள் வந்ததாம்.
அப்போதும் அறுபத்திரண்டுதானாம்.

எனக்கு இயந்திரம் இயக்கத் தெரியும்.
இதற்குப் பதில் சொல்லப் படிக்கவில்லை.
தெரிந்ததைச் சொன்னேன்:
பயம் கத்தும், உடம்பு கத்தும்,
மாத்திரை வாசலில் நின்றுகொண்டு
பாதிச் சத்தத்தைத்தான் உள்ளே விடும்.
உங்கள் குழாய் குறுகல்.
ஓடினால் இதயத்துக்கு ரத்தம் நிறைய வேண்டும்,
வருவதோ கொஞ்சம்.
அதுவும் இதயம் தன் பங்கை
இறுக்கும்போது வாங்காது,
தளரும்போதுதான் வாங்கும்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"ஏலத்துல நிக்கிற பொம்பளைங்க
ஒரு போட்டுக்கும் இன்னொரு போட்டுக்கும் நடுவுலதான்
சோத்துத் தூக்க தொறப்பாங்க.
அப்பிடியா?"

அப்படித்தான் என்றேன்.

"அப்ப வேல கொறையலியா?"
அடி குறைந்தால் ஓர் அடியில்
கூடுதலாக நிரப்பிக்கொள்ளும் என்றேன்.
"சரிதான். ஓடி ஓடி அரக்கூட தூக்கறதுக்கு
நின்னு ரொப்பி முழுக்கூட."
முப்பது வருடம் அவர் செய்ததை
அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

பொத்தான்களைப் பிய்க்கையில்
முகம் சுளித்தார்.
கிழித்த தாளை நீட்டினேன்.
மேடுகளை அவர் பார்க்கவில்லை.
மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே கிடந்த
சமவெளியில் விரல் வைத்து நகர்த்தினார்,
"இங்க தின்னுது... இங்க தின்னுது..."

தானாக நிறுத்திவிடாதீர்கள் என்றேன்,
ஒருநாள்கூட.
கேட்டாரோ என்னவோ.
சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு
பாக்கிப் பணத்தை என் கையில் வைத்தார்.

உள்ளங்கை ஜில்லென்றிருந்தது.
ஐஸ் பிடித்த கையா,
மாத்திரை கையா,
கேட்கத் தோன்றவில்லை.
வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.